பம்பருக்கு ஃப்ளெக்ஸ் அடிட்டிவ்: எந்தக் கோட்டில் கலக்கணும், எவ்வளவு?

டிங்கர்பட்டறை:

அண்ணன்மாரே, ஒரு ஹேட்ச்பேக் காரின் முன் பம்பர். ஏற்கெனவே ஒருமுறை வெளியே பெயிண்ட் அடிச்சது. இப்போ ரெண்டு விதமா கெட்டிருக்கு. இடது மூலையில், வீல் ஆர்ச் ஓரமா, மெல்லிய வெடிப்புக் கோடுகள். அங்கே நகத்தால் சுரண்டினாலும் பெயிண்ட் வரலை. நம்பர் பிளேட்டுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோலா உரிஞ்சு வந்திருக்கு, அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் வழவழன்னு தெரியுது. பம்பரின் உள்பக்கம் >பிபி+இபிடிஎம்-டிடி20< என்று முத்திரை இருக்கு, பிபின்னா பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக், இபிடிஎம்னா அதோட கலந்த ரப்பர்.

மெட்டாலிக் கிரே பேஸ் (நிறக் கோட்), மேலே 2கே (ஹார்டனர் கலந்து காயுற) கிளியர் அடிக்கணும். பெயிண்ட் கடையில், பெயிண்ட் வளைஞ்சு கொடுக்கறதுக்காகக் கலக்குற ஃப்ளெக்ஸ் அடிட்டிவ் அரை லிட்டர் டின் கொடுத்து, "பிரைமர், பேஸ், கிளியர் மூணுலயும் பத்துக்கு ஒண்ணு ஊத்திக்க, வெடிக்கவும் செய்யாது, உரியவும் செய்யாது"ன்னு சொல்றாங்க. டின்னில் விகிதம் சரியா போடலை.

மூணுலயும் ஊத்தலாமா? ஹார்டனர் அளவு மாறுமா? இதை ஊத்தினா பிளாஸ்டிக் பிரைமர் இல்லாம அடிக்கலாமா? பூத் கிடையாது, ஷெட்தான். பகலில் 36 டிகிரி வரைக்கும் போகுது. 1.3 நாசில் கன், ரெண்டு இன்ஃப்ராரெட் லைட் இருக்கு.

மைக்ரான்மாமா:

தம்பி, உங்கள் பம்பரில் இரண்டு தனித்தனி நோய் இருக்கிறது. கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்திருக்கிறார். பெயிண்ட் வளைந்து கொடுப்பது வேறு, பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்வது வேறு. ஃப்ளெக்ஸ் அடிட்டிவ் முதலாவதற்கு மட்டும்தான். இரண்டாவதற்கு அது ஒரு துளியும் உதவாது.

உரிந்த துண்டை எடுத்து அதன் முதுகைப் பாருங்கள். முதுகில் பிரைமர் நிறம் முழுசாகத் தெரிந்து, பம்பரில் வெறும் பிளாஸ்டிக் இருந்தால், பிடிமானம் பிளாஸ்டிக்கிலேயே போயிருக்கிறது. அடிஹீஷன் பிரமோட்டர் (நீங்கள் சொன்ன பிளாஸ்டிக் பிரைமர்) அடிக்கவில்லை, அல்லது அடியில் மோல்டு ரிலீஸ் எண்ணெயோ சிலிக்கான் பாலிஷோ இருந்திருக்கிறது. கிளியர் மட்டும் கண்ணாடியாக உரிந்து பேஸ் பம்பரிலேயே இருந்தால் கதை வேறு: பேஸை தடிமனாக அடித்து, காயும் முன் கிளியர் போட்டிருப்பார்கள், அல்லது பேஸை நாள்கணக்கில் காயவிட்டுப் பிறகு போட்டிருப்பார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை.

மூலையில் வெடித்தும் உரியாமல் நிற்கிறதே, அங்கே பிடிமானம் நன்றாகத்தான் இருக்கிறது. பெயிண்ட் தடித்துப்போயிருக்கிறது, அல்லது விறைத்துப்போயிருக்கிறது. பழைய பெயிண்டின் மேலேயே பட்டி, பிரைமர், மூன்று கோட் கிளியர் என்று ஏற்றி 300 மைக்ரான் தாண்டினால், எந்த அடிட்டிவ் ஊற்றினாலும் பம்பரைக் கழற்றி மாட்டும்போது வெடிக்கும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டும் சாதாரண பாடி பட்டியும் போட்டிருந்தாலும் இதே கதிதான்.

பிபி ஏன் பெயிண்டைப் பிடிப்பதில்லை என்றால், அதன் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு, 30 மில்லிநியூட்டன்/மீட்டர் சுற்றில்தான். ஈரமான பெயிண்ட் அதில் பரவிப் படியாமல் விலகும். தின்னரும் அதைக் கரைத்து உள்ளே இறங்காது. அதனால்தான் குளோரினேட்டட் பாலியோலிஃபின் கலந்த பிரமோட்டர் தேவை. அதன் ஒரு பாதி பிபியோடு ஒத்துப்போகும், மறு பாதி மேலே வரும் பெயிண்டோடு ஒத்துப்போகும். கார் கம்பெனிகளில் தீச்சுவாலை காட்டி மேற்பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்வதும் உண்டு. பட்டறையில் ஹாட் ஏர் கன் காட்டினால் அந்த வேலை நடக்காது, பம்பர் கோணும், அவ்வளவுதான்.

எனவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு: முடியாது.

டிங்கர்பட்டறை:

துண்டோட முதுகில் வெளிர் சாம்பல் பிரைமர்தான் அண்ணே, முழுசா. அப்போ மொத்தப் பெயிண்டையும் எடுக்கணுமா? ஸ்ட்ரிப்பர் போடலாமா? இன்னொண்ணு, பிபிதானான்னு சோதிக்க ஒரு சின்னத் துண்டு வெட்டித் தண்ணியில் போட்டேன். மூழ்கிடுச்சு. பிபின்னா மிதக்கணும்னு சொல்வாங்களே, முத்திரை தப்பா?

லேப்கோட்:

முத்திரை சரிதான். மிதக்கும் சோதனை கலப்பில்லாத பிபிக்குப் பொருந்தும். உங்கள் முத்திரையில் டிடி20 என்பது 20 சதவீதம் டால்க் பவுடர். பிபியின் அடர்த்தி 0.9, டால்க்கினுடையது 2.7க்கு மேல். இந்த விகிதத்தில் கலந்தால் 1.03 வாக்கில் வரும், மூழ்கும். டிடி10 என்றால் 0.96 வாக்கில் நின்று மிதக்கும். பெயிண்ட் ஒட்டிய துண்டைப் போட்டாலும் கணக்கு கெடும். அம்புக்குறிகளுக்கு நடுவே பொறித்த முத்திரைக்கு ஐஎஸ்ஓ 11469 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. அது இருக்கும்போது தண்ணீர்ச் சோதனையே வேண்டாம்.

ஸ்ட்ரிப்பர் கூடவே கூடாது. பிபி+இபிடிஎம்மில் உள்ள ரப்பர் பகுதி கரைப்பானை உறிஞ்சி உப்பும். உள்ளே தங்கியது பிறகு வெயிலில் வெளியேறி, புது பெயிண்டில் கொப்புளமாக நிற்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய் துணியால் துடைப்பதும் இதே தவறுதான். மண்ணெண்ணெய் எண்ணெய்ப்படலத்தையும் விட்டுவிட்டுப் போகும்.

முழுவதும் எடுக்க வேண்டுமா என்பதை கம்ப்ரசரே சொல்லும். உரிந்த இடத்தின் விளிம்பில் ஏர் பிளோ கன்னைச் சாய்த்துப் பிடித்து 6 பார் அழுத்தத்தில் ஊதுங்கள். பிடிக்காத பெயிண்ட் எல்லாம் தானாகக் கிளம்பும். எங்கே நிற்கிறதோ அதுவரை எடுத்தால் போதும். கம்பெனி பெயிண்ட் உறுதியாக நிற்கும் இடத்தைப் பிளாஸ்டிக் வரை தேய்ப்பது வீண் வேலை, அதைவிட நல்ல அடித்தளம் உங்களால் போட முடியாது. வெடித்த மூலை மட்டும் விதிவிலக்கு. அங்கே வெடிப்பின் அடி வரை இறங்கியாக வேண்டும். மேலே பிரைமர் போட்டு மூடினால் அதே கோடுகள் சில வாரங்களில் கிளியரில் எழும்பும்.

மைக்ரான்மாமா:

லேப்கோட் சொன்னதோடு வரிசையையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சோப்புத் தண்ணீரும் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவும் முன் தேய்த்தால் சிலிக்கானை எமரி பேப்பராலேயே பிளாஸ்டிக்குக்குள் அழுத்திவிடுவீர்கள். காய்ந்தபின் ஆன்டிஸ்டாடிக் பிளாஸ்டிக் கிளீனர். ஒரு துணியால் தடவி, ஈரம் காயும் முன் இன்னொரு துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

டி.ஏ. சாண்டரில் (சுழன்று தேய்க்கும் மெஷின்) 180 நம்பர் எமரி பேப்பர், பிறகு 240, 320. வேகத்தைக் குறைத்து வையுங்கள். சூடு ஏறினால் பிபி உருகி முடி முடியாக எழும்பும். அந்த முடி மேல் பிரைமர் அடித்தால் சொரசொரப்பு கிளியர் வரைக்கும் வரும். எழும்பியிருந்தால் ஸ்காட்ச் பிரைட்டால் ஈரத்தில் எடுங்கள். நிற்கும் பழைய பெயிண்டின் விளிம்பைக் கையால் தடவினால் படி தெரியாத வரை சரிக்க வேண்டும், பிறகு மொத்தமும் 400.

பள்ளம் இருந்தால் பிளாஸ்டிக் பட்டி மட்டும், மெல்லியதாக. பிபி மேல் நேராகப் பிடிக்கும் என்று டின்னில் எழுதியிருந்தால் ஒழிய, அதற்கும் அடியில் பிரமோட்டர் வேண்டும்.

பிரமோட்டர் அடிக்கும் முன் மறுபடி கிளீனர். பிறகு மெல்லிய ஒரு கோட், அதிகம் போனால் இரண்டு, காய்ந்தபின் 5 முதல் 10 மைக்ரான். இங்கேதான் நிறைய பேர் கெடுக்கிறார்கள். பிடிமானத்துக்குத்தானே என்று நனைய நனைய அடித்தால் அந்தப் படலமே நடுவில் பிளந்துகொள்ளும். பெட்ரோல் சிந்தினாலும் தடித்த பிரமோட்டர் மென்மையாகிக் கிளம்பும். 10 முதல் 15 நிமிடம் விட்டு, தேய்க்காமல், டின்னில் சொன்ன நேரத்துக்குள் அடுத்த கோட். பிரைமரைத் தேய்க்கும்போது எங்காவது பிளாஸ்டிக் தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்கு மறுபடி பிரமோட்டர், சோம்பல் படாதீர்கள்.

ஷார்ஜாபூத்:

அடிட்டிவ் கணக்குக்கு வருவோம் தம்பி. பத்துக்கு ஒண்ணுன்னு பொதுவா ஒரு கணக்கே கிடையாது. ரெண்டு வகை அடிட்டிவ் இருக்கு. ஒண்ணு வெறும் பிளாஸ்டிசைசர். அது படலத்துக்குள்ள சும்மா உட்கார்ந்து மென்மையா வைக்கும், ஹார்டனரோட சேராது. நாளாக நாளாக கொஞ்சம் கொஞ்சமா வெளியேறிடும். இன்னொண்ணு வளையக்கூடிய ரெசின். அதுல ஹைட்ராக்சில் இருக்கும், ஹார்டனரோட சேர்ந்து படலத்துல ஒரு பாகமாவே ஆயிடும். ரெண்டாவது வகைக்கு ஹார்டனர் கூடுதலா வேணும். டின்ல எழுதலைன்னா அந்தக் கம்பெனியோட டெக்னிக்கல் டேட்டா ஷீட்டை எடுங்க. "கிளியரோட அடிட்டிவ் கலந்து, அந்தக் கலவைக்கு ஹார்டனர்"னு இருந்தா ரெண்டாவது வகை. அந்த ஷீட் கிடைக்காத அடிட்டிவ்வை வண்டியில ஊத்தாதீங்க.

உதாரணத்துக்கு ஷீட்ல கிளியர் 4, அடிட்டிவ் 1, அந்தக் கலவைக்கு ஹார்டனர் 2க்கு 1ன்னு போட்டிருக்குன்னு வைங்க. கிளியர் 400 மில்லி, அடிட்டிவ் 100, ஆக 500. ஹார்டனர் 250. வழக்கம்போல கிளியரை மட்டும் பார்த்து 200 ஊத்தினா அஞ்சுல ஒரு பங்கு ஹார்டனர் குறையுது. அந்தக் கிளியர் ரெண்டு நாள் கழிச்சும் விரல் ரேகை பிடிக்கும், பளபளப்பு மங்கும், பறவை எச்சம் பட்டா தடம் விழும். "அடிட்டிவ் போட்டா காயவே மாட்டேங்குது"ன்னு புலம்புறதுல பாதி இந்தக் கணக்குதான்.

ஒரு முன் பம்பருக்கு எவ்வளவு கலக்கணும்? வெளிப்பக்கம் சுமார் 1.3 சதுர மீட்டர்னு வைங்க. ரெண்டு கோட்ல 55 மைக்ரான் நிக்கணும்னா, கலந்த கிளியர் சதுர மீட்டருக்கு 240 மில்லி வாக்குல போகும், ஓவர் ஸ்ப்ரேயும் சேர்த்து. 310 மில்லி வருது, 350 கலங்க. மேலே சொன்ன விகிதத்துல தின்னர் அரைப் பங்கு சேர்த்தா மொத்தம் 8 பங்கு. கிளியர் 176, அடிட்டிவ் 44, ஹார்டனர் 110, தின்னர் 22. அளவுக்கோப்பையில ஊத்துங்க, கண்ணளவு வேண்டாம்.

பேஸ்ல ஊத்தாதீங்க. அது தின்னர் பறந்து காயுற 1கே. ஊத்தின அடிட்டிவ் சேர ஆளில்லாம அப்படியே ஈரமா கிடக்கும். மேல கிளியர் விழுந்ததும் சுருங்கும், இல்லைன்னா கிளியர் மங்கிப்போகும். மெட்டாலிக்னா துகள் படியுறதுக்கு நேரம் கூடி மேகம் மேகமா தெரியும். பேஸ் 15 முதல் 20 மைக்ரான்தான், அதோட விறைப்பு ஒரு பொருட்டே இல்லை. பிளாஸ்டிக்குக்கு பேஸ்ல கொஞ்சம் ஹார்டனர் சேர்க்கச் சொல்ற கம்பெனியும் உண்டு. ஷீட்ல இருந்தா செய்யுங்க.

ஒரு கம்பெனி அடிட்டிவ்வை இன்னொரு கம்பெனி கிளியர்ல கலக்காதீங்க. கிளாசூரிட் 522-111, சிக்கன்ஸ் எலாஸ்ட்-ஓ-ஆக்டிஃப் மாதிரி ஒவ்வொண்ணும் அதனதன் கிளியருக்கும் ஹார்டனருக்கும் கணக்கு பண்ணி வந்தது.

நாலுகோட்நாகா:

இவ்ளோ யோசிக்கணுமா பாஸ்? பிளாஸ்டிக்னா அடிட்டிவ், இரும்புன்னா வேண்டாம். பம்பர்ல எப்பவும் 20 சதவீதம் ஊத்திட்டா பிரச்சினை இல்லை.

லேப்கோட்:

பிரச்சினை இருக்கிறது. அடிட்டிவ் சும்மா வருவதில்லை, விலை கேட்கும். அது படலத்தின் இளகுநிலை வெப்பத்தைக் கீழே இழுக்கிறது. அதனால்தான் குளிரில் வெடிக்காமல் வளைகிறது. அதே காரணத்தால் வெயிலில் நின்ற பம்பரில் கீறல் எளிதில் விழும், தூசி ஒட்டும், கம்பவுண்ட் போடும்போது பாலிஷ் வீல் இழுக்கும். மைனஸ் 15 டிகிரி குளிரில் வண்டி நிறுத்துகிற ஊருக்கான அளவை, மார்ச்சிலேயே 36 காட்டும் ஊரில் அப்படியே ஊற்ற வேண்டிய அவசியம் இல்லை.

இந்தப் பழக்கத்தின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1968 போன்டியாக் ஜி.டி.ஓ. காரில் வண்டி நிறத்திலேயே மெத்தென்ற பம்பர் வந்தது. 1973 மாடல்களிலிருந்து மணிக்கு 5 மைல் வேக மோதலைத் தாங்க வேண்டும் என்ற விதியும் வந்தபின், கையால் அழுத்தினாலே உள்ளே போகும் பாலியூரிதேன் பாகங்கள் பெருகின. அன்றைய அக்ரிலிக் லாக்கர் அதன் மேல் நிற்காது, வெடிக்கும். அந்தக் காலத்து மருந்து இது. இன்றைய பிபி+இபிடிஎம் பம்பர் அந்த அளவுக்கு வளைவதில்லை. இன்றைய 2கே யூரிதேன் கிளியருக்கே ஓரளவு இழுவை உண்டு. அதனால் பல கம்பெனிகள் தங்கள் டேட்டா ஷீட்டில் "விறைப்பான பிளாஸ்டிக்குக்கு அடிட்டிவ் தேவையில்லை" என்றே போடுகின்றன. ஏபிஎஸ் பிளாஸ்டிக் கிரில், பக்கக் கண்ணாடியின் பிளாஸ்டிக் மூடி, ஃபைபர் கிளாஸ் ஸ்பாய்லர் ஆகியவற்றுக்குச் சுத்தமாக வேண்டாம்.

உண்மையில் வேண்டியது எதற்கு என்றால்: பாலியூரிதேன் அல்லது டிபியூ (ரப்பர் போல வளையும் பாலியூரிதேன் பிளாஸ்டிக்) லிப், பம்பருக்குக் கீழே தொங்கும் ரப்பர் மாதிரியான ஏர் டேம், கையால் செங்கோணத்துக்கு மடிக்கக்கூடிய எதுவும். இவற்றுக்கு சர்ஃபேசரிலும் (பிரமோட்டருக்கு மேல் அடித்துத் தேய்க்கும் தடிமனான பிரைமர்) கிளியரிலும் ஷீட் சொல்லும் முழு அளவு.

இந்தப் பம்பருக்கு என் முடிவு: 2கே சர்ஃபேசரில் அடிட்டிவ் போடுங்கள். மொத்த அடுக்கில் விறைப்பானதும் தடிமனானதும் அதுதான், வெடிப்பும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கிளியரில், ஷீட் கட்டாயம் என்று சொன்னால் மட்டும்.

ஷார்ஜாபூத்:

லேப்கோட் சொல்றதுக்கு ஒத்துப்போறேன், ஒரு திருத்தத்தோட. முன் பம்பரோட ரெண்டு நுனியும் மாட்டும்போது நல்லா விரியும். மாட்டுற ஆள் உங்க ஆள் இல்லைன்னா கிளியர்லயும் போடுறது பாதுகாப்பு. நீங்களே மாட்டுறதா இருந்தா, கிளியர் ஒரு முழு நாள் காஞ்ச பிறகு, ரெண்டு பேரா பிடிச்சு மாட்டுங்க, அடிட்டிவ் வேண்டாம்.

டிங்கர்பட்டறை:

நாங்களேதான் மாட்டுவோம். அப்போ சர்ஃபேசர்ல மட்டும் போடுறேன். தடிமனை எப்படி அளக்கிறது? எங்ககிட்ட இருக்கிற மீட்டர் பம்பர்ல வெச்சா எதுவும் காட்டலை. லைட் எவ்வளவு தூரத்தில் வைக்கலாம்?

மைக்ரான்மாமா:

அது காந்த மீட்டர், அடியில் இரும்பு இருந்தால்தான் பேசும். பிளாஸ்டிக்குக்கு அல்ட்ராசானிக் மீட்டர் வேண்டும், விலை அதிகம். அதற்குப் பதில் விரல் நீள இரும்புத் தகட்டை மாஸ்கிங் டேப்பால் பம்பர் ஓரத்தில் ஒட்டிவிட்டு, அதன் மேலும் அதே கையசைவில் அடியுங்கள். ஒவ்வொரு கட்டமும் காய்ந்தபின் தகட்டில் மீட்டரை வையுங்கள். சர்ஃபேசர் தேய்த்த பிறகு 50, பேஸ் 15–20, கிளியர் 50–60. மொத்தம் 130 சுற்றி நின்றால் நல்லது. சர்ஃபேசரை 600ஆல் முடியுங்கள், மெட்டாலிக்குக்கு 400 கோடு தெரியும்.

வெறும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் இதே அடுக்கை அடித்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கொடுக்கும் முன் அதில் பிளேடால் 3 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு, டேப் ஒட்டி இழுங்கள். 120 மைக்ரானுக்கு மேற்பட்ட படலத்துக்கு ஐஎஸ்ஓ 2409 சொல்லும் இடைவெளி அதுதான். கட்டம் ஒன்றுகூடப் பெயரக்கூடாது. அதே துண்டை மெதுவாக வளைத்தும் பாருங்கள்.

ஷார்ஜாபூத்:

லைட் 80 செ.மீ.க்குக் கிட்ட வைக்காதீங்க. கறுப்புப் பிளாஸ்டிக் சூட்டை வேகமா குடிக்கும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால மேற்பரப்பைப் பாருங்க, 60 தாண்டக்கூடாது. பம்பரைத் தரையில படுக்கப் போட்டோ ஒரே கம்பியில தொங்கவிட்டோ சூடு காட்டினா கோணிடும், அப்புறம் ஃபெண்டரோட இடைவெளி சேராது. வண்டியில நிக்கிற வாக்குல, நாலு இடத்துல தாங்குற ஸ்டாண்ட் வேணும். கோட் போட்டவுடனே லைட் வேண்டாம், 10–15 நிமிஷம் தின்னர் பறக்கட்டும். அடிட்டிவ் போட்ட சர்ஃபேசருக்கு வழக்கமா 30 நிமிஷம்னா 45 கொடுங்க. தேய்க்கும்போது பேப்பர்ல மாவா உதிரணும், பசையா அடைச்சா இன்னும் காயலைன்னு அர்த்தம்.

36 டிகிரிக்கு ஸ்லோ ஹார்டனர், ஸ்லோ தின்னர். ஃபாஸ்ட் போட்டா மேலே தோல் கட்டி, உள்ளே தின்னர் மாட்டி, ஊசிமுனை ஓட்டையா வரும். காலையில 7லிருந்து 9க்குள்ள கிளியர் அடிச்சா தூசியும் குறைவு. ஹார்டனர் டின்னை ஊத்தினவுடனே மூடுங்க, காத்துல இருக்கிற ஈரத்தோடயே அது வேலையைத் தொடங்கிடும்.

டிங்கர்பட்டறை:

பார்க்கிங் சென்சார் ஓட்டை ரெண்டு புதுசா போடச் சொல்லியிருக்காங்க. பெயிண்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

லேப்கோட்:

முன்னாடி. காய்ந்த பெயிண்ட் மேல் டிரில் வைத்தால் ஓட்டை விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். பம்பர் அதிரும்போது அங்கிருந்தே கோடு ஓடும். வெளிப்பக்கத்திலிருந்து ஹோல் சா வைத்து வெட்டி, விளிம்பை 320ஆல் உருட்டிவிட்டு, அந்த விளிம்புக்கும் பிரமோட்டர் படும்படி அடியுங்கள். சென்சாரின் முகத்தில் சர்ஃபேசர் வேண்டாம், மெல்லிய பேஸும் ஒரு கோட் கிளியரும் போதும். தடித்தால் அல்ட்ராசானிக் அலை சரியாகப் போய் வராது.

ஷெட்டில் அடிப்பதால் இதையும் சொல்ல வேண்டும்: 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அடிட்டிவ்வுக்காக ஹார்டனர் கூடும்போது அதுவும் கூடுகிறது. துணி முகமூடி அதற்கு எதுவும் செய்யாது. வெளிக்காற்றுக் குழாய் வைத்த மாஸ்க்தான் சரி. பக்கத்தில் நிற்கும் பையனையும் அந்த நேரத்தில் வெளியே அனுப்பிவிடுங்கள்.

டிங்கர்பட்டறை:

சரிங்க. ஷீட் கேட்டுக் கடைக்குப் போறேன். கொடுக்கலைன்னா டின்னைத் திருப்பிக் கொடுத்துட்டு, கிளியர் வாங்கின கம்பெனியோட அடிட்டிவ்வே வாங்கிக்கிறேன்.

மைக்ரான்மாமா:

வாங்கும்போது அரை லிட்டர் வேண்டாம், 250 மில்லி டின் இருந்தால் பாருங்கள். சர்ஃபேசரில் மட்டும் போட ஒரு பம்பருக்கு அதில் பாதிகூட ஆகாது.